கண்ணை வைத்துப் பார்க்கிற கேமரா

கேமரா வாங்கப் போவது என்னவோ அவர்தான். ஆனால் எந்தக் கேமரா என்பதில் ஒற்றைக் காலில் நின்றது அவர் மனைவி. விலை கைக்கு அடக்கமாக இருக்க வேண்டும், அது சரி. மற்றபடி எது இருந்தாலும் இல்லாவிட்டாலும், கண்ணை வைத்துப் பார்க்கிற ஓட்டை ஒன்று இருந்தே தீர வேண்டும்.

"போன்லேயே எடுக்கலாமேம்மா, எதுக்கு வீண் செலவு?" என்று மகள் சொல்லிப் பார்த்தாள்.

"போனைப் பாத்துப் பாத்துத்தான் உங்கப்பாவுக்குக் கழுத்தே கோணிப்போச்சு. நீ சும்மா இரு" என்று அவள் வாயை அடைத்துவிட்டாள் அம்மா. நிஜக் காரணத்தை, பெற்ற மகளிடமே ஆனாலும், வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

கல்யாணமான புதிதில் அவர் மின்சார மீட்டர் பழுது பார்க்கிற பட்டறையில் இருந்தார். இவள் தொலைபேசி நிலையத்தில். நாள் முழுக்கக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த ஊருக்கும் இந்த ஊருக்கும் இணைப்புக் கொடுக்கிற வேலை. ஊரே அவள் குரலைக் கேட்டது, முகத்தை யாரும் பார்த்ததில்லை. பிறந்த வீட்டிலும் அதே கதைதான். ஆறு பெண்களில் ஐந்தாவது. ஐந்தாவதை யார் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

அவருக்கு ஒரு பழைய ஃபிலிம் கேமரா இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவளையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவளிடம் ஒரு மஞ்சள் குடை இருந்தது, அதையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளச் சொல்வார். ஆற்றங்கரையோ, குடியிருப்பின் மொட்டை மாடியோ, பூட்டிய கிடங்குகளின் ஓரமோ, எங்கேயாவது அவளை நிறுத்துவார். பிறகு அவளை நோக்கி எண்ணிக்கொண்டே நடந்து வருவார். தூரத்தை அளக்கிறாராம். கிட்டே வந்து லேசாகச் சிரித்துவிட்டுத் திரும்பிப் போய், லென்ஸின் வளையத்தை அந்த எண்ணுக்குத் திருப்புவார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். கேமராவின் தகர விளிம்பு ஒருமுறை புதுக் கண்ணாடியில் கோடு போட்டுவிட்டதில் வந்த பழக்கம் அது. அப்புறம் ஓட்டையில் கண்ணை வைப்பார்.

வைத்தால் எடுக்க மாட்டார். ஃபிலிம் என்ன மரத்திலா காய்க்கிறது? மேகம் விலக வேண்டும், வெயில் இறங்க வேண்டும். அதுவரை கண்ணை எடுக்காமல் நிற்பார். வீட்டில் ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை விழுங்குகிற மனுஷன், அப்போது மட்டும், "ஆஹா... அப்படியே நில்லு. அழகா இருக்கே" என்பார். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும். அவ்வளவு நேரம் அவளை யாரும் பார்த்ததே இல்லை. மேகம் விலகாமலே இருக்கட்டும் என்று அவள் வேண்டிக்கொண்ட நாட்களும் உண்டு.

மகள் பிறந்தாள், ஃபிலிம் கிடைப்பது நின்றது, கேமரா அலமாரிக்குள் போனது. அதோடு அந்தப் பார்வையும் போனது. போன மாதம் அவள் முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டு வந்தாள். ஒரு வாரம் கழித்து, "ஏதோ மாறின மாதிரி இருக்கே, திரைச்சீலையைத் துவைச்சியா?" என்று கேட்டார். அன்றைக்கு முடிவு செய்ததுதான் இந்தக் கேமரா. அந்தப் பார்வை ஒரே ஒரு தடவை திரும்பி வந்தால் போதும் அவளுக்கு.

கேமராக் கடை ஒரு செருப்புக் கடைக்கு மேல், குறுகலான மாடிப்படி ஏறிப் போகிற இடத்தில் இருந்தது. கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது உள்ளங்கை அகல வெள்ளிக் கேமரா. பின்னால் திரை மட்டும்தான். "இதுல கண்ணை எங்க வைக்கிறது?" என்று கேட்டு அதைத் தள்ளினாள். அடுத்தது புத்தம் புதுசு, ஓட்டையும் இருந்தது. விலையைக் கேட்டதும் இரண்டு பேரும் ஒன்றாகத் தலையாட்டினார்கள். விரலுக்குத் தகுந்த வீக்கம்தானே வேண்டும். மூன்றாவது யாரோ வைத்திருந்து விற்றது. கொஞ்சம் கனம், கட்டைவிரல் படும் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. விலை கைக்கு எட்டியது.

"பத்து மெகாபிக்ஸல் போதுமா?" என்றார் அவர்.

"நீங்க என்ன சார், பஸ்ஸு மேல ஒட்டவா படம் எடுக்கறீங்க? தாராளமா போதும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார், ஓட்டையில் கண்ணை வைத்தார், கடைக்காரரைப் பார்த்து, "நல்லா இருக்கு" என்றார். அவள் கிட்டே வந்து பார்த்தாள். அதே நிற்பு, அதே சாய்வு.

கடைக்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "கண்ணாடியைக் கழட்டிட்டீங்களே. என் முகம் தெரியுதா சார்?"

"அது எப்படித் தெரியும்? மங்கலாத்தான் இருக்கும். இதுக்குள்ள எல்லாருக்குமே அப்படித்தானே?"

"எல்லாருக்குமா!"

"ஆமா, ஓட்டை இத்துனூண்டு. லென்ஸுக்குத் தெளிவா தெரிஞ்சா போதாதா? நமக்கு எதுக்கு?"

கடைக்காரர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மீட்டர் முள்ளின் மயிரிழை நடுக்கத்தைக்கூடப் பூதக்கண்ணாடி வைத்துப் பிடிக்கிற மனுஷன், இத்தனை காலமும் இப்படி ஒரு சித்தாந்தத்தோடு இருந்திருக்கிறார்.

அவள் சிரிக்கவில்லை. "அப்போ அந்தப் படமெல்லாம் எப்படிங்க எடுத்தீங்க?"

"அதான் நடந்து அளந்து நம்பர் வெப்பேனே. அது தப்பவே தப்பாது."

"நான் தெரிய மாட்டேனா?"

"மஞ்சக் குடை தெரியும். அதுக்குக் கீழ நீ இருப்பே. அதுக்குத்தானே குடையை மறக்காம எடுத்துக்கச் சொல்லுவேன்."

அந்த நிறம் தனக்கு எடுப்பாக இருக்கிறது, அதனால் சொல்கிறார் என்றல்லவா நினைத்திருந்தாள்! "அழகா இருக்கேன்னு சொல்லுவீங்களே, அது யாரைப் பாத்து?"

அவர் தலையைச் சொறிந்தார். "நிக்கிறது நீதானே? அதைப் பாத்துத்தான் சொல்லணுமா?"

வேறொருத்தியாக இருந்தால் இதிலேயே உருகியிருப்பாள். இவளுக்கு வயிறு எரிந்தது. அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலிருந்தும் அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்த அந்தப் பார்வை ஒரு குடைக்கா போய்ச் சேர்ந்தது? முகம் சுண்டிப்போக, "வாங்க போகலாம். கேமராவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்று கைப்பையை எடுத்தாள்.

"இருங்கம்மா" என்று கடைக்காரர் தடுத்தார். அவருக்கு வியாபாரம் போகிற கவலை. ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு குட்டிச் சக்கரத்தைக் காட்டினார். "இது எதுக்கு இருக்கு? அவங்கவங்க பார்வைக்குத் தக்கபடி திருப்பிக்கத்தான். கண்ணாடியே வேண்டாம். அம்மா, அந்த ஜன்னல்கிட்ட போய் நில்லுங்க."

வேண்டா வெறுப்பாகப் போய் நின்றாள். அவர் கண்ணை வைத்தார். கடைக்காரர் சக்கரத்தை நகம் அகலத்துக்குத் திருப்பினார்.

"இப்போ?"

"மங்கல்."

"இப்போ?"

"பரவாயில்ல."

"இப்போ சார்?"

அவர் கடைக்காரரின் கையைச் சக்கரத்திலிருந்து மெதுவாக விலக்கினார்.

அவளுக்குப் பகீரென்றது. பார்க்க வேண்டிய வயதில் பார்க்காமல், எல்லாம் முடிந்த பிறகா பார்ப்பது? ஜன்னல் வெளிச்சம் வேறு ஈவிரக்கமில்லாமல் முகத்தில் விழுந்தது. கண்ணுக்குக் கீழே பை, நரை, போன பல்லின் இடம். கையை எங்கே வைப்பது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"எடுத்தாச்சாங்க?" என்றாள்.

அவர் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வாய் மட்டும் லேசாகத் திறந்திருந்தது. மாடிப்படியில் யாரோ ஏறி வந்து, காத்திருந்து பார்த்துவிட்டு, இறங்கிப் போனார்கள்.

"சார், பட்டனை அழுத்தினாத்தான் படம் விழும்" என்றார் கடைக்காரர்.

"இருங்க" என்றார் அவர். "இப்பதானே பாக்கறேன்."