ஓர் அட்டைக்கு ஓர் ஆள்

1

இந்தக் கதை ஒரு லாட்டரிக் கடையின் போனஸ் அட்டையிலிருந்து வந்தது. இதைவிட நல்ல பிறப்பிடம் என்னிடம் இல்லை.

ஆண்டு 1996. கடை ஏற்காட்டில், ஒண்டிக்கடை என்ற சந்திப்பில் இருக்கிறது. அதன் மேல்மாடியில்தான் எங்கள் மாலை வகுப்பு. பகலில் பேக்கரியில் பன் அடுக்குகிறேன். மாலையில் தமிழும் கணக்குப்பதிவும் படிக்கிறேன். என் டைரியைப் பார்த்த ஞானசுந்தரம் சார், "இதைக் கதையாக எழுதிப் பார்" என்றார். பார்க்கிறேன்.

முதல் தொடக்கம்: மார்கழிப் பனியில் மலை உறங்கிக்கொண்டிருந்தபோது அமலி—

(நிறுத்திவிட்டேன். அது சனிக்கிழமை சாயங்காலம், சம்பள நாள். சேலம் பஸ்ஸின் ஹாரனில் யாரும் உறங்க முடியாது.)

இரண்டாம் தொடக்கம்: பேராசை யாரை விட்டது? அமலியும்—

(இதுவும் வேண்டாம். பேராசை என்று எழுதிவிட்டால் அவள் தோற்றாக வேண்டும். அதை எழுத எனக்கு மனமில்லை.)

மூன்றாவதாக, நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். இப்படிச் சொல்வது கதையாகுமா என்பது எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

2

அமலி எங்கள் எஸ்டேட்டின் லைன் வீடுகளில் எனக்கு அடுத்த வீடு. கண்ணாயி மாரமங்கலத்திலிருந்து காப்பிப் பழம் எடுக்க வருபவள். இருவரும் ஜோடி. செடிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. இருவர் பழமும் ஒரே சாக்கில். எடை போடும்போது எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் ஒரு பெயர்தான் எழுதுவார்: ஒரு வாரம் அமலி, மறு வாரம் கண்ணாயி. சம்பளத்தைப் பிறகு பிரித்துக்கொள்வார்கள். எங்கள் எஸ்டேட்டில் பழம் எடுப்பு எல்லாமே இப்படித்தான். யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று கேட்பது, ஒரே தட்டில் சாப்பிட்டவர்களின் கவளத்தை எண்ணுவது போல.

மாரமங்கலத்துச் சித்தன் தன் தோட்டத்து மிளகுக் கொடிகளை இந்த வருடம் குத்தகைக்கு விடுகிறார். முன்பணம் இரண்டாயிரம். கிடைத்தால் இருவரும் அடுத்த பருவத்தில் அடுத்தவர் சாக்கை நிரப்ப வேண்டியதில்லை. அவர்களுக்கு வேண்டியது அது ஒன்றுதான். கதையிலும் வேறு ஆசை சேர்க்கப் போவதில்லை.

3

அந்த முன்பணத்துக்காகத்தான் இருவரும் லாட்டரிக் கடையின் போனஸ் அட்டையில் சேர நினைத்தார்கள். அட்டையின் பின்பக்கம் நிபந்தனைகள். அதைப் படித்துச் சொன்னவன் நான். வகுப்பில் பழகியபடி ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

ஐம்பது ரூபாய் கட்டிச் சேர்ந்தால், இன்னொரு ஐம்பது ரூபாய்க்குச் சீட்டு இனாம். இனாம் சீட்டில் பரிசு விழுந்தால் உடனே பணம் கிடைக்காது. அதே அட்டையில் இருநூறு ரூபாய்க்குச் சொந்தக் காசில் சீட்டு வாங்கி முடித்தவர்களுக்குத்தான். அதையும் மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும். தவறினால் பரிசு ரத்து.

"அப்ப இனாம்ங்கறது இனாம் இல்லீங்களா?" என்றாள் கண்ணாயி.

"இனாம்தான். கையில வாங்கறதுக்குத்தான் காசு."

"எங்க நாத்தனா ஊட்டு விருந்தாட்டம். சோறு சும்மா. போறதுக்குத்தான் சீர் வேணும்."

அமலி சிரிக்கவில்லை. "பரிசு விழுந்தவனையும் மறுபடி வாங்க வெக்கறதுக்குத்தான் இந்த ரெண்டாவது சட்டம். அப்படித்தானே கண்ணு?"

அப்படித்தான். நான் அரைப் பக்கம் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்ததை அவள் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். (இந்த இடத்தில் ஒரு நீண்ட விளக்கம் இருந்தது. இனாம் என்பது கயிறு, பரிசு என்பது முளைக்குச்சி என்றெல்லாம். அடித்துவிட்டேன்.)

கடைசி நிபந்தனை: ஓர் அட்டைக்கு ஓர் ஆள். அதையும் சத்தமாகத்தான் படித்தேன். "நாம ஒரு அட்டைதானே எடுக்கறோம்" என்றாள் அமலி. கண்ணாயி தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். ஒரு சாக்கு, ஒரு பெயர். அதில் எங்களுக்குக் குழப்பமே வரவில்லை.

அட்டை அமலி பெயரில். ஒரு வாரம் அமலி போய்ச் சீட்டு வாங்கி அட்டையில் கையெழுத்துப் போட்டாள். மறு வாரம் கண்ணாயி போய்க் கைநாட்டு வைத்தாள். கடைக்காரர் பெரியநாயகம் ஒவ்வொரு முறையும் மசிப்பெட்டியை அவரே நகர்த்திக் கொடுத்தார்.

4

விழுந்தது. இனாம் சீட்டில், இரண்டாயிரத்து ஐந்நூறு. இருநூறு ரூபாய்க் கொள்முதலும் முடிந்திருந்தது; கெடுவுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. எல்லா நிபந்தனையும் பூர்த்தி என்று நான் டைரியில் எழுதி அடிக்கோடு இட்டேன்.

பெரியநாயகம் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "கையெழுத்தும் இருக்குது, கைநாட்டும் இருக்குது. ரெண்டு ஆளு. அட்டை செல்லாதுங்க."

இதுவரை சட்டம்.

5

இங்கே கதையை நிறுத்தி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். முதல் பிரதியை ஞானசுந்தரம் சாரிடம் கொடுத்தேன். ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "இரண்டு பெண்கள் எதற்கு? வாசகர் மனம் சிதறும். கண்ணாயியை அமலியோடு சேர்த்துவிடு. ஒருத்தி போதும்."

கீழ்ப்படிந்தேன். இரண்டாம் பிரதியில் ஒரே அமலி. அவளே செடிக்கு இரண்டு பக்கமும் பழம் எடுத்தாள், அவளே கேலி பேசினாள், அவளே முறைத்தாள். கதை வழுக்கிக்கொண்டு ஓடியது. நாலாம் பகுதிக்கு வந்ததும், பெரியநாயகத்துக்குப் பணத்தை மறுக்கக் காரணமே இல்லாமல் போய்விட்டது. இரண்டாயிரத்து ஐந்நூறை எண்ணிக் கொடுத்தார், கதை முடிந்தது.

என் வகுப்புத் தோழி ஆரோக்கியசெல்வி அதைப் படித்தாள். "நல்லாத்தான் இருக்குது. ஆனா கண்ணாயிய நீயும் கழிச்சிட்டயே. பெரியநாயகம் உனக்கு என்ன முறை வேணும்?"

இரண்டாம் பிரதியைக் கிழித்தேன். சாரிடம், "ரெண்டு பேரும் இருப்பாங்க சார்" என்றேன். மதிப்பெண் குறைப்பேன் என்றார். குறைக்கட்டும்.

6

அட்டை செல்லாது என்று சொன்ன மறுநாள் பெரியநாயகம் அமலியிடம் ஒரு வழி சொன்னார். நல்ல மரியாதையோடுதான் சொன்னார். "நான் தரமாட்டேன்னு சொல்லலீங்கம்மிணி. முறைப்படி வாங்கிக்குங்கன்னுதான் சொல்றேன். கண்ணாயி உங்களுக்குத் தெரியாம உங்க அட்டையில சீட்டு வாங்கிட்டான்னு எழுதிக் குடுத்துருங்க. அவ வாங்கின தொண்ணூறு ரூபாயக் கழிச்சிருவேன். நீங்க தொண்ணூறு ரூபாய்க்குப் புதுசா வாங்குங்க. சனிக்கிழமைக்குள்ள. பரிசு உங்களுக்குத்தான்."

நான் கணக்குப் பார்த்தேன். (என்னால் பார்க்காமல் இருக்க முடியாது.) தொண்ணூறு போனால் இரண்டாயிரத்து ஐந்நூறு வரும். முன்பணம் போக மீதியும் இருக்கும். பிறகு வழக்கம்போல் பிரித்துக்கொள்ளலாம். அமலியிடம் இதைச் சொன்னேன்.

"உன்ற கணக்கு சரிதான் கண்ணு. அதுல கண்ணாயிய எங்க எழுதியிருக்கற?"

"கழித்தல்ல வருதுங்கக்கா."

"அதத்தான் கேட்டேன்."

கண்ணாயிக்கோ இதில் கோபமே இல்லை. "எழுதிக் குடு புள்ள. காயிதத்துல நாந் திருடியானா என்ற கை முறிஞ்சா போயிரும்? சித்தன் ஞாயித்துக்கெழமை வரைக்குந்தான் பாப்பாரு. அப்பறம் கொடி வேற ஆளுக்கு."

"நாளைக்குச் செடிக்கு அந்தப் பக்கம் நின்னு என்ற மொகத்தப் பாப்பியா நீ?"

"பாப்பேன்."

"நான் உன்றத பாக்கமாட்டேன்."

கண்ணாயி தலைத்துணியை அவிழ்த்து உதறிக் கட்டினாள். பிறகு, "நொம்பத் திமிரு உனக்கு" என்றாள். அதைச் சொன்ன விதத்தில், எழுதிக் கொடுக்காமலிருக்க அவளும் சம்மதித்துவிட்டாள் என்று தெரிந்தது.

(அமலி இவ்வளவு உறுதியாக இருப்பாளா, நான் அவளைப் பெரிதாக்குகிறேனா என்று இங்கே சந்தேகம் வந்தது. அவளிடமே படித்துக் காட்டினேன். "திமிர இன்னுங் கொஞ்சம் சேத்து எழுது" என்றாள்.)

7

சனிக்கிழமை. கடை முன்னால் எடுப்புப் பெண்களின் வரிசை. எல்லார் கையிலும் அதே மஞ்சள் அட்டை. மாடிப்படியில் நானும் ஆரோக்கியசெல்வியும் நின்றோம்.

அமலியும் கண்ணாயியும் வரிசையில் நின்று, முறை வந்ததும் பலகை முன்னால் போனார்கள்.

"எழுதிட்டு வந்தீங்களா அம்மிணி?" என்றார் பெரியநாயகம்.

"நான் எழுதலீங்க. நீங்க ஒண்ணு எழுதோணும். ரெண்டு பேரு சேந்து வாங்குன அட்டை செல்லாதுன்னு பெரிய எழுத்துல எழுதிக் கடை முன்னால தொங்க விடுங்க."

"வியாபாரம் நடக்கற எடத்துல வம்பு வேண்டாங்க."

"வம்பு ஒண்ணுமில்லீங்க. உங்க சட்டந்தான். பின்பக்கம் இருக்கறத முன்பக்கம் போடுங்கங்கறேன்."

பின்னால் நின்ற அத்தாயி எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, என்ன செல்லாதாமா?"

"ஜோடி அட்டை" என்றாள் கண்ணாயி. "உன்றதும் மாதம்மாளுதும் ஒண்ணா? அப்பச் செல்லாது. கொண்டு போயி அடுப்புல போடு."

வரிசை வரிசையாக இல்லாமல் போயிற்று. அட்டைகள் திருப்பப்பட்டன. எல்லாவற்றிலும் இரண்டு கை. சிலதில் கையெழுத்தும் கைநாட்டும், சிலதில் இரண்டு கைநாட்டு. ஒரு ஜோடிக்கு விழுந்த பரிசைச் செல்லாது என்றால் மலையில் இனி ஒருத்தியும் சீட்டு வாங்கமாட்டாள். செல்லும் என்றால் அமலிக்கும் கண்ணாயிக்கும் இப்போதே எண்ணி வைக்க வேண்டும்.

"செல்லுமா, செல்லாதா? ரெண்டுல ஒண்ணு எழுதுங்க" என்றாள் அமலி. "கீழ நாங்க ரெண்டு பேரும் கை வெக்கறோம்."

ஆரோக்கியசெல்வி வகுப்பிலிருந்து ஒரு வெள்ளைச் சார்ட் தாளைக் கொண்டுவந்து பலகைமேல் விரித்தாள். பெரியநாயகம் கூட்டத்தைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார்.

8

முடிவு ஒன்று: அவர் "செல்லும்" என்று எழுதினார். கொடிகளில் மிளகு—

முடிவு இரண்டு: அவர் "செல்லாது" என்று எழுதினார். சித்தனின் கொடிகள் வேறு ஆளுக்குப்—

முடிவு மூன்று: சூதாட்டம் குடியைக் கெடுக்கும் என்பதை அமலி உணர்ந்து— (இது சாருக்காக எழுதியது. அவள் எதையும் புதிதாக உணரவில்லை. நிபந்தனை எதற்கு என்று முதல் நாளே சொன்னவள்.)

அவர் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியும். நாலு படி மேலே நின்றிருந்தேன். ஆனால் இங்கே எழுதமாட்டேன்.

காரணம் சொல்லிவிடுகிறேன். பணம் வந்தது என்று எழுதினால், அமலி துணிச்சல்காரி என்பீர்கள். வரவில்லை என்றால், தொண்ணூறு ரூபாயில் முடிந்திருக்கக்கூடியதைப் பிடிவாதத்தால் கெடுத்தாள் என்பீர்கள். அந்தச் சனிக்கிழமை அவள் செய்த காரியம் இரண்டிலும் ஒன்றுதான். பரிசு விழுந்தால் சீட்டு வாங்கியவளைக் கெட்டிக்காரி என்பதும், விழாவிட்டால் முட்டாள் என்பதும் லாட்டரிக் கடையின் பழக்கம். என் கதையை அந்தக் கடையில் விற்க எனக்கு விருப்பமில்லை.

ஆகவே பேனா திறந்தபடியே இருக்கட்டும். அமலி எழுதிக் கொடுக்க மறுத்தது சரியா, தவறா? இப்போதே சொல்லுங்கள். தாளில் என்ன விழுந்தது என்று கேட்டுவிட்டுச் சொல்வதாக இருந்தால், உங்கள் பதில் எனக்கு வேண்டாம்.