நீலம் தட்டிய சிவப்பு

தங்கத்தைக் கண்ணுக்குத் தெரியாத துகளாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால் அது மஞ்சளாக இருக்காது; மாதுளைச் சாறு மாதிரி சிவந்து நிற்கும். மருத்துவமனை ஆய்வகத்தில் அதைக் காய்ச்சுகிறவளுக்கு அந்தச் சிவப்பு கண்ணுக்குப் பழகிய ஒன்று. இன்று காலை குப்பியை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். ஓரத்தில் லேசாக நீலம். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கியிருந்தன.

அந்தக் குப்பி அவளுடைய அண்ணனுக்கு. தொண்டையில் புற்றுநோய்க் கட்டி. தங்கத்தை ஊசியால் கட்டிக்குள் இறக்கிவிட்டால், எக்ஸ்-ரே பாயும்போது அது அங்கேயே கூடுதலாகச் சுடும். சுற்றியிருக்கும் நல்ல சதை தப்பும். சோதனை முயற்சிதான். ஆனாலும் வீடே அதை மலைபோல நம்பியிருந்தது.

அவள் குப்பியைக் காட்டியதும் மேலாளர் நேற்றைய சோதனைத் தாளைப் புரட்டினார். "எல்லா அளவும் சரியாத்தானே இருக்கு? அடுத்தது தயாராகப் பத்து நாள் ஆகும். உங்க அண்ணனுக்கு இன்னிக்கே கதிர் சிகிச்சை ஆரம்பிச்சாகணும். முதல் நாளே ஊசி போட்டாத்தான் உண்டு. யோசிச்சுக்கோ."

அவருக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். இதைக் காய்ச்சிய நாளில்தான் அண்ணனின் பரிசோதனை முடிவு வந்தது. கை ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம். காய்ச்சி வடித்த நீரில் அலசவேண்டிய குடுவையைக் குழாய்த் தண்ணீரில் அலசிவிட்டாள். அந்தத் தண்ணீரில் இருக்கும் உப்பே போதும், துகள்கள் கூடிக்கொள்ள. வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒட்டிய துகள் உடம்பில் எங்கே போய் அடைக்கும் என்பதும் யாருக்கும் தெரியாது.

"குடுவையை நான்தான் சரியாக் கழுவலை சார்," என்றாள். எழுதியும் கொடுத்தாள். குப்பியைக் கழிவில் கொட்டினாள்.

கதிர் அறைக்கு வெளியே அண்ணன், கதிர் பாயும்போது தலை அசையாமலிருக்க முகத்தின் அளவுக்கு வார்த்த வலைமூடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் குரல் காற்றாகத்தான் வந்தது.

"வேற யாருக்காவதுன்னா கொட்டியிருப்பியா?"

"கொட்டியிருப்பேண்ணா."

"அப்புறம் என்ன, எனக்கு மட்டும் தனிச் சட்டமா?" மூச்சு வாங்கிக்கொண்டான். "பாத்திரம் கழுவச் சொன்னாலே உனக்கு மூஞ்சி தொங்கிடும். அம்மா அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் பொத்துக்கொண்டு வந்தது. அவன் அவள் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தான்.

கனத்த கதவு சாத்திக்கொண்டது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. அது அணையும்வரை அவள் இடத்தை விட்டு நகரவில்லை.

பிறகு ஆய்வகத்துக்குப் போய், அண்ணனுக்கு இனி உதவாத அடுத்த தங்கத்துக்காகக் குடுவையை வடித்த நீரில் மூன்று முறை அலசினாள். நான்காவது முறையும் அலசினாள்.