வாக்குமூலத்தில் ஒரு திருத்தம்

திடீர் மரண விசாரணை அதிகாரி சாப்பாட்டு மேசையை ஜன்னல் பக்கம் இழுக்கச் சொல்லி அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இடப்பக்கம் பொலிஸ் சார்ஜன், திறந்த புத்தகத்தோடு. வலப்பக்கம் வடிவம்மாவின் மகள் சஞ்சீவனி, அம்மா தமிழில் சொல்வதை அவள்தான் சிங்களத்தில் சொல்ல வேண்டும். கிராம சேவகர் அலுமாரியில் சாய்ந்து நின்றார். வாசலோரம் பிளாஸ்டிக் ஸ்டூலில் பக்கத்து வீட்டு ஹாஷிம். கதிரை கொடுத்தும் வேண்டாம் என்றுவிட்டார். வடிவம்மா சுவரடியில் பாயில் இருந்தாள். அவள் தலைக்கு மேலே, சுவிட்சுக்கு நேர் மேலே, சுண்டுவிரல் போகிற அளவுக்கு ஒரு ஓட்டை. சுற்றிலும் சுவர் கருகியிருந்தது.

முந்தின நாள் காலை பத்தரைக்கு அந்த ஓட்டையைப் போடும்போதுதான் அவள் புருஷன் இராமநாதன் விழுந்தார். உடம்பு இன்னும் ஆஸ்பத்திரியில் இருந்தது.

அதிகாரி தரையில் கிடந்த ட்ரில்லைக் காட்டினார். இரும்பு உடம்பு கொண்ட பழைய மெஷின். வயர் நுனியில் பிளக் இல்லை. இரண்டு வயர்கள் செம்பு தெரிய உரிக்கப்பட்டிருந்தன. பச்சை வயர் மட்டும் பின்னால் மடித்து டேப் சுற்றியிருந்தது. மெஷினில் கரண்ட் ஏறினால் ஆளை விட்டுவிட்டு மண்ணுக்கு இறக்குவது அந்தப் பச்சைதான் என்று அவர் விளக்கினார். பிறகு, இது யாருடையது, பிளக்கை வெட்டியது யார் என்று கேட்டார்.

"ஹாஷிம் குடுத்தது. அப்படியேதான் வந்துச்சு" என்றாள் வடிவம்மா.

சஞ்சீவனி அம்மாவை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் சிங்களத்தில் சொன்னாள். அதிகாரி ஹாஷிமின் பக்கம் திரும்பினார். ஹாஷிம் வாயைத் திறந்தார். பாயில் இருந்தவளைப் பார்த்தார். தனக்கு நினைவில்லை என்றார். சார்ஜன் அதையும் எழுதிக்கொண்டு ட்ரில்லைப் பொலித்தீன் பையில் போட்டுக் கட்டினார்.

நினைவில்லாமல் என்ன? வேலிக்கு மேலால் ட்ரில்லை ஹாஷிம் நீட்டியபோது வடிவம்மா பக்கத்தில்தான் நின்றாள். மூன்று முள் உருண்டைப் பிளக் அப்போது இருந்தது. அக்குறணையிலிருக்கும் தன் ஹாட்வேர் கடைக்கு வந்தால் இந்த வீட்டு சொக்கெட்டுக்குப் பொருந்துகிற பிளக் ஒன்று தருவதாக ஹாஷிம் சொன்னார். சுவிட்சுக்கு நேர் மேலே மட்டும் கை வைக்க வேண்டாம், வயர் அந்த வழியாகத்தான் ஏறும் என்றும் சொன்னார். முனிசிபலில் குழாய் பூட்டின கைக்குக் கரண்ட் சரிவருமா என்று நக்கல் வேறு. உங்கள் மெஷினுக்கு என்னைவிட வயது கூட என்று இராமநாதன் திருப்பிக் கொடுத்தார். இருவரும் சிரித்தார்கள்.

மாநகர சபையில் முப்பத்தொரு வருசம் வேலை பார்த்த மனிதர். வேலையில் சுத்தம் என்று பேர் எடுத்தவர். அவர் தன் மடத்தனத்தால் செத்தார் என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? அந்த ஒரு நிமிடத்தில் அவளுக்குத் தோன்றியது அவ்வளவுதான்.

மறுநாள் உடம்பு வந்தது. கொட்டகை போட்டதும், கதிரைகள் இறக்கியதும், மயானத்தில் நேரம் எடுத்ததும் ஹாஷிம்தான். வடிவம்மா இருந்த பக்கம் மட்டும் அவர் வரவில்லை.

மூன்றாம் நாள் ஹாஷிமின் மனைவி கைரியா சோறும் பருப்பும் கொண்டுவந்தாள். துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் மூன்று நாளும் அவள் வீட்டுச் சாப்பாடுதான். வழமையாக வாசலிலிருந்தே பேச ஆரம்பிக்கிறவள், பாத்திரத்தை வைத்துவிட்டுச் சும்மா நின்றாள்.

"வடிவக்கா, மெஷின் விஷயமா இவர வார திங்கக்கிழம கோட்டுக்கு வரச் செல்லீக்கி பொலிஸால. ஒங்களுக்குத் தெரிய வாணான்டு செல்லின. நான் செல்ல வரல்ல. வாயில வந்திட்டு."

வடிவம்மா சோற்றைப் பார்த்தாள். பிறகு சாப்பிட்டாள். கைரியா பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று பின்னேரம் வடிவம்மா மகளிடம் ஒற்றைரூல் தாளும் பேனாவும் கேட்டாள். விசாரணையில் சொன்னதைத் திருத்தி எழுதப்போவதாகச் சொன்னதும் சஞ்சீவனி பேனாவைக் கொடுக்கவில்லை.

"அப்பா தன் கையாலயே செத்தாருன்னு ஃபைல்ல ஏறணுமாம்மா?"

"தன் கையாலதானே."

அப்படியானால் தானே சிங்களத்தில் எழுதித் தருவதாக மகள் சொன்னாள்.

"நீ எழுதுனா அழகா எழுதிருவ. அதான் வேணாங்கிறேன்."

மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் பழகின உருண்டை எழுத்தில் வடிவம்மா எழுதினாள்:

ஐயா, அன்று என் கணவர் நாலு ஓட்டை போட்டார். முதலாவது குசினி அலுமாரிக் கதவில். பலகையின் பின்பக்கம் பிளந்துபோகாமல் இருக்க ஒரு துண்டுக் கட்டை கொடுத்துப் போட்டார். இரண்டாவது கேற் இரும்பில். ஆணியால் புள்ளி அடித்து, எண்ணெய் விட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு போட்டார். மூன்றாவது குளியலறை டைல்ஸில். டேப் ஒட்டி, மெஷின் இடிக்காமல் சுற்ற மட்டும் செய்யும்படி மாற்றி, தண்ணீர் தொட்டுத் தொட்டு மெதுவாகப் போட்டார். ஒரு கீறல் விழவில்லை. சுவர் லேசு என்று நினைத்தார். ஈரக்காலோடு வந்து சுவிட்சுக்கு மேலேயே பிடித்தார்.

பிளக் பொருந்தாததால் காலையிலேயே வெட்டியவர் அவர்தான். வயரை சொக்கெட்டில் செருகி, இறுக்கத் தீக்குச்சி கேட்டார். நான்தான் கொடுத்தேன். ஹாஷிம் நல்ல பிளக்கோடு கொடுத்து, சுவிட்சுக்கு மேலே வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார். விசாரணையில் நான் சொன்னது பொய். என் மகளுக்கு இது அன்று தெரியாது. அவள் நான் சொன்னதைத்தான் சொன்னாள்.

வாசித்துப் பார்த்தாள். 'ஒரு கீறல் விழவில்லை' என்பது விசாரணைக்குத் தேவையா என்று யோசித்தாள். வெட்டவில்லை.

மறுநாள் கட்டுகஸ்தோட்டைத் தபால் கந்தோரில் சஞ்சீவனியும் கூட நின்றாள். கடித உறையின் ஓரத்தில் வடிவம்மா பசை தடவி, கட்டைவிரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அழுத்திக்கொண்டு போனாள். பதிவுத் தபால் என்றாள். அனுப்புகிறவர் பெயர் பின்னால் இல்லையே என்று கந்தோர்ப் பெண் கேட்டாள். சஞ்சீவனி கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள்.

வடிவம்மா தன் பெயரை எழுதிக் கொடுத்தாள். முத்திரை விழுந்தது. ரசீது கைக்கு வந்த பிறகும் வடிவம்மா நகரவில்லை.

"அக்கா, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா" என்றான் பின்னால் நின்றவன்.

தள்ளி நின்றாள். அங்கிருந்தும் தபால் பை தெரிந்தது. கந்தோர்ப் பெண் கடிதத்தை அதற்குள் போட்டுவிட்டு, அடுத்த ஆளின் பார்சலைத் தராசில் வைத்தாள்.