ஒரே குன்றின் பிள்ளைகள்

ஆறாவது முட்டையிலிருந்து எட்டிப் பார்த்த தலையைக் கண்டதும் டெல்ஃபினா ஊரியாஸ் தம்பியைக் கூப்பிட்டாள்.

"எலீசியோ, இங்க வந்து பாரு. கரிக்கட்டை மாதிரி ஒண்ணு வருது."

மேற்கு டெக்சஸில், சாண்டர்சன் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலைக்காகக் குன்றை வெட்டிய இடம் ஒன்று உண்டு. அந்தப் பாறை இடுக்குகளில் சாம்பல்பட்டைப் பாம்புகள் வாழ்கின்றன. விஷமில்லாதவை, பல்லி தின்பதென்றால் அவற்றுக்கு உயிர். அக்காவும் தம்பியும் என்றோ அங்கே பிடித்த பாம்புகளின் வம்சத்தை, வேறு இடத்துப் பாம்போடு சேர்க்காமல் வீட்டிலேயே வளர்த்து வந்தார்கள். வெள்ளியாய் வெளுத்த உடம்பு, கறுப்புக் கரையிட்ட அகலமான ஆரஞ்சுப் பட்டைகள். பாம்பு வளர்ப்பவர்கள் அதைப் பார்த்தவுடனே, 'அந்தக் குன்றின் நிறம்' என்பார்கள்.

கடைசியான ஏழாவது முட்டையிலிருந்து வந்த குட்டியும் கறுப்புத்தான். ஆரஞ்சு மருந்துக்குக்கூட இல்லை. சரக்கு ரயில் வேலை முடிந்து குளித்துவிட்டு வந்த எலீசியோவின் முகம் சுருங்கிவிட்டது.

"அக்கா, இது ரெண்டையும் பின்னறையில வச்சிரு. வெள்ளிக்கிழமை அந்தப் பல் டாக்டர் குட்டி பார்க்க வர்றாரு. கண்ணுல பட்டா நம்ம பேரு நாறிடும்."

"ஏன்டா, அதே அப்பன், அதே ஆத்தா. எங்கயிருந்தோ திருடிட்டா வந்தோம்?"

"அது உனக்கும் எனக்கும் தெரியும். வாங்குறவன் நம்பணுமே. வேற இடத்துப் பாம்பைக் கலந்துட்டாங்கன்னுதான் சொல்லுவான்."

டெல்ஃபினா இரண்டையும் தனித்தனி டப்பாவில் போட்டுப் பின்னறைக்குக் கொண்டுபோனாள். முன்பும் இப்படி மங்கலான குட்டிகள் பிறந்ததுண்டு. ஆசைப்பட்டுக் கேட்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு, எந்த இடத்துப் பாம்பென்று சொல்லாமலே கொடுத்துவிடுவார்கள். அழகானதை நிறுத்திக்கொண்டு, அதன் குட்டிகளில் இன்னும் அழகானதை நிறுத்திக்கொண்டு, அப்படியே வந்திருந்தார்கள். குன்றின் நிறம் என்று எல்லோரும் சொல்வதில் பாதி தன் கண்ணுக்குப் பிடித்த நிறம்தான் என்பது அவளுக்கு அன்றுதான் உறைத்தது. குன்றுக்கு அப்படி எந்தப் பிடித்தமும் இருந்ததாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை லபக் நகரத்திலிருந்து அந்தப் பல் டாக்டர் பிராண்ட் வந்தார். ஐந்து குட்டிகளையும் கையிலெடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மகிழ்ந்தார்.

"ஏழு முட்டைன்னு போன்ல சொன்னீங்களே?"

"ரெண்டு கெட்டுப்போச்சு சார்," என்றான் எலீசியோ, சட்டென்று.

டெல்ஃபினா எழுந்து பின்னறைக்குப் போனாள். இரண்டு டப்பாக்களோடு வந்து மேசைமேல் வைத்தாள்.

"கெட்டுப்போகல டாக்டர். இதுங்கதான் அந்த ரெண்டு. இதுங்களும் அந்தக் குன்றுதான்."

டாக்டர் குட்டிகளைப் பார்த்தார். பிறகு எலீசியோவைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மறைக்கலைன்னா நம்பியிருப்பேனோ என்னவோ," என்றவர், எதையும் வாங்காமல் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கலப்புப் பாம்பென்ற பேச்சு அந்த வாரமே பாம்பு வளர்ப்பவர்கள் எல்லோரிடமும் பரவியது. குட்டி கேட்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள்.

"மானத்தை வாங்கிட்டேல்ல? இப்ப சந்தோஷமா?" என்றான் எலீசியோ.

"பொய் சொன்னது நீ. மானம் போனது என்னாலயா?"

அதோடு அவன் இரவுச் சாப்பாட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

வெளிர்நிறக் குட்டிகள் முதல் தோலை உரித்த பிறகும், இரையாக வைத்த எலிக்குஞ்சைச் சீந்தவில்லை. அந்தப் பிடிவாதம் அவற்றின் பரம்பரையிலேயே இருந்தது. பள்ளிச் சமையலறை வேலைக்கு நடுவே டெல்ஃபினாவால் பல்லிக்கு அலைய முடியவில்லை. ஒருநாள் மாலை அவள் வீடு திரும்பியபோது எலீசியோ பாம்பறையில் உட்கார்ந்து, பல்லி வாசம் ஏறட்டுமென்று எலிக்குஞ்சின் மூக்கில் ஒரு பல்லியைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"இந்த மகாராணிங்க பட்டினி கிடந்தே செத்துரும்போல," என்றான், திரும்பாமலே. "கறுப்பி பரவால்ல. கொடுத்ததும் லபக்குனு முழுங்கிட்டா."

"பேரு வேற வச்சாச்சா?"

"பேரெல்லாம் இல்ல. கறுப்பா இருக்கு, கறுப்பின்னேன்."

டெல்ஃபினா அவனுக்கும் சேர்த்து டார்ட்டியா ரொட்டி சுட்டாள். இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"பொய் சொல்லியிருக்கக் கூடாது," என்றான் கடைசியில்.

"நானும் உன்கிட்ட முன்னாடியே சொல்லிட்டு எடுத்துட்டு வந்திருக்கணும். ஆளு முன்னாடி உன்னைக் கேவலப்படுத்திட்டேன்."

இலையுதிர் காலத்தில் டெல் ரியோவிலிருந்து ஒரு பெண் வந்தாள். உயிரியல் ஆசிரியை, பெயர் கான்ஸ்வேலோ.

"எனக்கு வெளுத்தது ஒண்ணு, கறுத்தது ஒண்ணு வேணும். அந்தக் குன்றுல ரெண்டும் இருக்கும்னா ரெண்டையும் வளர்க்கிறதுதானே நியாயம்?"

டெல்ஃபினாவுக்கு மனம் குளிர்ந்துபோனது. கறுத்த குட்டிகளில் பெரியதை, கறுப்பியை, எடுக்கப் போனாள். எலீசியோ குறுக்கே வந்தான்.

"அது வேண்டாம்க்கா. சின்னதைக் குடு."

"ஏன், அதுக்கென்ன குறை?"

"குறையெல்லாம் ஒண்ணுமில்ல. அது விக்கிறதுக்கில்ல."

கான்ஸ்வேலோ சிரித்துவிட்டாள். டெல்ஃபினா தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள்; அவன் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான்.

டாக்டர் பிராண்ட் அதன்பின் வரவேயில்லை. பழைய வாடிக்கைக்காரர்களில் பலரும் வரவில்லை. மூன்று வருஷம் கழித்து, அந்தக் கறுத்த பெண்பாம்பை எலீசியோவே ஒரு வெளிர்நிற ஆண்பாம்போடு சேர்த்தான். முட்டை வந்தது. இந்தமுறை எந்த நிறம் பிறக்கும் என்று கேட்டவர்களிடமெல்லாம் டெல்ஃபினா ஒன்றைத்தான் சொன்னாள்.

"தெரியாது. பிறக்கட்டும், வந்து பாருங்க. எல்லாத்தையும் காட்டுறேன்."