புரியும்படி வைத்த பெயர்கள்

நான் எழுதிய புரோகிராமில் என் சொந்தக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். ஜரிகை எடைக்கு ‘அத்தை’. கடைத்தெருவுக்குக்கூட நகை இல்லாமல் போகமாட்டாள். நீளவாக்கில் ஓடும் பாவுப் பட்டுக்கு ‘அப்பா’, குறுக்கே ஓடும் ஊடைப் பட்டுக்கு ‘அம்மா’. நெய்யும்போது வீணாகும் பட்டுக்கு ‘சித்தப்பா’. ஏன் என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒவ்வொரு அளவுக்கும், அதாவது வேரியபிளுக்கு, பெயர் வேண்டுமென்றால் நான் வேறு யாரிடம் போவேன்?

2001. பிள்ளையார்பாளையத்தில் சிவபாலன் அண்ணன் வைத்திருந்த கம்ப்யூட்டர் சென்டர். ஒரு சேலைக்கு எவ்வளவு பட்டு, எவ்வளவு ஜரிகை நெசவாளியிடம் கொடுக்க வேண்டும் என்று சொல்லும் புரோகிராம் அது. கடைகளுக்கு விற்கத் தொடங்கும் அன்று நீயும் பங்குதாரர், போர்டில் உன் பெயரும் இருக்கும் என்று அண்ணன் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் பெங்களூரில் கிடைத்த வேலையை வேண்டாம் என்றேன்.

புரோகிராம் ஓட ஆரம்பித்ததும் அவருக்குப் பெயர்கள் பிடிக்கவில்லை.

“இன்னா காவேரி, ரேஷன் கார்டு மாரி இருக்குது? வேற யாராவது படிச்சா புரிய வேணாமா?”

“நான்தான் இருக்கறேனேண்ணா. என்னாண்ட கேட்டா சொல்லிடறேன்.”

“உனக்கு ஜுரம் வந்தா? எதுக்கும் ஒரு முறை வேணும்மா.”

இரண்டு பேரும் உட்கார்ந்தே முறையை முடிவு செய்தோம். எண் என்றால் பெயருக்கு முன்னால் ‘இன்ட்’, எழுத்து என்றால் ‘ஸ்ட்ர்’, பிறகு அது என்னவோ அதையே முழுசாக எழுதுவது. அத்தை போனாள், ‘இன்ட் ஜரி வெயிட்’ வந்தது. மாசக்கணக்கில் திட்டிக்கொண்டே மாற்றினேன். ஆனால் படிக்கப் படிக்க எனக்கே ஆசையாக இருந்தது. என் உடம்பைப் பற்றிக்கூட இந்த மனிதர் யோசிக்கிறாரே என்று உருகியும் போனேன். மக்கு.

கருட சேவைக்கு மறுநாள் சென்டருக்குப் போனேன். வாசலில் புது போர்டு. அதில் அண்ணனுக்குப் பக்கத்தில் அவர் மச்சான் தயாளனின் பெயர். உள்ளே என் நாற்காலியிலும் தயாளன்தான். ஏனாத்தூர் காலேஜில் கம்ப்யூட்டர் படிப்பை முடித்த கையோடு வந்திருக்கிறான்.

அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் பிரிண்டருக்குக் காகிதம் வைத்துக்கொண்டிருந்தார்.

“வீட்ல ஒரே சண்டைமா. சொந்த மச்சானை உட்டுட முடியுமா, சொல்லு. தப்பா நெனைக்காதே.”

“நான் எழுதினதுண்ணா இது.”

“இல்லன்னு யாரு சொன்னாங்க?”

தயாளனுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். எழுந்து நின்று சொன்னான். “பாடப்புத்தகம் மாரி இருக்குதுக்கா. ஒரே நாள்ல புரிஞ்சிட்டுது. உங்கள ஒண்ணுகூட கேக்க வேண்டியதில்ல.”

ஜுரமாவது மண்ணாவது! இந்த நாளுக்காகத்தான் என் கையாலேயே என் இடத்தைக் காலி செய்ய வைத்திருக்கிறார். அண்ணா, அண்ணா என்று கூப்பிட்ட வாயைக் கழுவ வேண்டும் போல இருந்தது.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தயாளன் கூப்பிட்டான்.

“ஒரே ஒரு எடத்துல மட்டும் சித்தப்பான்னு இருக்குதுக்கா. அது இன்னா?”

எப்படியோ என் கண்ணுக்குத் தப்பியிருக்கிறது.

“கழிவுபா. வேலை முடிஞ்சதும் தூக்கிப் போடறது,” என்றேன், அண்ணன் காதில் விழும்படி. “அந்தப் பேரை எடுத்துட்டு, காவேரின்னு போட்டுக்கோ.”