கிரகப்பிரவேசத்துக்கு வந்த பசு

மல்லேஸ்வரத்தில் நாலாவது மாடிக்கு லிப்ட்டில் பசுவை ஏற்றுவதொன்றும் அதிசயமில்லை. செக்யூரிட்டி மட்டும்தான் முகத்தைச் சுளித்தார். மாமியார் காந்தா ஒற்றைக் காலில் நின்றதால் ஸ்ரீரஞ்சனியின் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கும் பசுவும் கன்றும் வந்தன. கன்று கூடத்து ஜமுக்காளத்தில் சற்றுப் படுத்துவிட்டுப் போனது. அதே ஜமுக்காளத்தில்தான் எட்டு மாதக் குழந்தை அதிதி அன்று முழுக்கத் தவழ்ந்தாள்.

ஐந்தாம் நாள் குளிப்பாட்டும்போது, குழந்தையின் காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் தட்டுப்பட்டது. மச்சத்துக்குக் கால்கள் இருந்தன. ஸ்ரீரஞ்சனி அலறிக்கொண்டே உண்ணியைப் பிடுங்கி, பேன் குத்துகிற பழக்கத்தில் இரண்டு கட்டைவிரல் நகங்களுக்கு நடுவே நசுக்கினாள். நகக்கண்ணெல்லாம் ரத்தம்.

அவள் கணவன் அருண்குமார் மாட்டுக்காரர் ஜெயராமனுக்கு போன் போட்டான். எடுத்தது அவர் மனைவி.

“அவருக்கு நாலு நாளா ஜுரம் சார். ஆஸ்பத்திரில சேத்திருக்கோம், பல்லுல ரத்தம் வருது. மாடா? ஷிமோகா காட்டுப்பக்கத்துலேர்ந்து இப்பத்தான் புடிச்சாந்தாரு.”

குழந்தையைப் பார்த்த டாக்டர் பதறவில்லை. அதுவே ஸ்ரீரஞ்சனிக்குப் பயமாக இருந்தது. “அந்தப் பக்கத்து உண்ணின்னா, அது மூலமா பரவுற குரங்குக் காய்ச்சலாக்கூட இருக்கலாம். பத்து நாள் டெம்பரேச்சர் பாருங்க. லேசா சுட்டாலும் உடனே தூக்கிட்டு வந்துடுங்க.”

காலையும் மாலையும் குழந்தையின் அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தாள். பூஜை அலமாரி முன் நின்று, “பெருமாளே, குழந்தைக்கு ஒண்ணும் வரக்கூடாது. வர்றது எனக்கு வரட்டும்” என்றாள். பெற்றவள் யாரும் சொல்வதுதான்.

டெம்பரேச்சர் பார்க்க ஆரம்பித்த ஆறாம் நாள் ஜெயராமன் போய்விட்டார். போனில் அவர் மனைவி அழுதாள். “உண்ணிய வெறுங்கையாலயே புடுங்கி நகத்துல நசுக்குவாரு சார். வேணாம்னு சொன்னா கேக்கல.”

ஸ்ரீரஞ்சனி தன் நகங்களைப் பார்த்தாள். இதை அவள் டாக்டரிடம் சொல்லவே இல்லை. அவரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை குழந்தைக்குத் தொண்ணூற்றெட்டு. சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். தூக்கக் குனிந்த ஸ்ரீரஞ்சனிக்கு இடுப்பு விண்டுபோவதுபோல் வலித்தது. கண்ணுக்குள் எரிந்தது. தெர்மாமீட்டரைத் துடைத்துத் தன் அக்குளில் வைத்தாள். நூற்று மூன்று.

“என்னங்க, ஆட்டோ புடிங்க!” என்று கத்தினாள். அருண்குமார் செருப்பைத் தேடுவதற்குள் பூஜை அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

“பெருமாளே, அன்னிக்கு ஏதோ பேச்சுக்குச் சொல்லிட்டேன். எனக்கும் வேண்டாம்.”