மீதி நூற்று இருபத்தேழு

பகல் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்காமலே சுஹைர் போனில் தட்டினான்: "எனக்கு இன்னும் எத்தனை நாள் லீவு இருக்கிறது?"

பாலாவியில் அவன் வேலை செய்யும் உப்புக் கம்பனி, லீவு விஷயங்களுக்கென்று போன மாதம் ஒரு ஏஐ உதவியாளரைப் போட்டிருந்தது. கேட்டால் தமிழில் பதில் வரும்.

"தங்கள் துணைவியின் மறைவுக்கு ஆழ்ந்த அனுதாபங்கள். வருடாந்த விடுமுறை: மீதி இல்லை. இத்தா விடுமுறை: 130 நாட்கள். எடுத்தது 3. மீதி 127."

ஆய்வுகூடத்தில் அவனோடு வேலை செய்யும் லாபிர் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டான்.

"இத்தாவா? அப்ப வெள்ள உடுத்திக்கிட்டு வூட்டுக்குள்ள குந்து மச்சான். சோறு நான் கொண்டு வந்து தாறன்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது உறைத்திருக்க வேண்டும். பார்சலோடு வெளியே போய்விட்டான். சுஹைருக்குக் கோபம் வரவில்லை. இரண்டு மாதமாக எதுவுமே வரவில்லை.

கணவன் இறந்தால் மனைவி வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா நாலு மாதமும் பத்து நாளும். மனைவி மௌத்தானால் கணவனுக்குத் துக்கம் மூன்று நாள். மனைவி ஷிம்லாவை அடக்கம் செய்த நாலாம் நாள் அவன் வேலைக்கு வந்தான். வரும்படியும் யாரும் சொல்லவில்லை, வர வேண்டாமென்றும் சொல்லவில்லை. வருட லீவெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே முடிந்திருந்தது. மூன்று வயது மகள் ஹனா கற்பிட்டியில் மாமியோடு. வெள்ளிக்கிழமைகளில் அவன் போனால் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாள்.

"வந்து ஒடனே போனா புள்ள எப்பிடி மகன் ஒட்டும்? ஒரு கிழம நின்டு பாருங்க. இல்லாட்டி அது ஒங்கள மறந்துடும்," என்றார் மாமி.

எந்த உப்பையும் மூன்று தடவை சோதிப்பது சுஹைரின் தொழில். இதையும் அப்படியே சோதித்தான். இரண்டாம் தடவை, "நான் ஆண். எனக்கு எப்படி இத்தா?" என்று கேட்டான். "சரியாகச் சுட்டிக்காட்டினீர்கள். மன்னிக்கவும். உங்களுக்கு அந்த விடுமுறை இல்லை." மூன்றாம் தடவை, புதிதாகத் திறந்து முதல் கேள்வியையே கேட்டான். அனுதாபங்கள். மீதி 127.

மூன்றில் இரண்டு. உப்பாக இருந்தால் கொட்டிவிட்டு வேறு மாதிரி எடுத்திருப்பான். இது இன்னும் என்ன சொல்லும் என்று பார்க்கத் தோன்றியது. ஏழு நாள் கேட்டு விண்ணப்பித்தான். ஒரு நிமிடத்தில் வந்தது: "அனுமதிக்கப்பட்டது."

எந்த மனுசனும் ஒரு நிமிடத்தில் லீவு தந்ததில்லை. அவன் மாடிக்குப் போய், லீவு பார்க்கும், அவனை அண்ணன்போல 'நானா' என்று கூப்பிடும் ஸுல்பிகாவிடம் போனை நீட்டினான். அவள் வாசித்தாள். தலையில் கை வைத்தாள்.

"அல்லாஹ்வே. மௌத்து, இஸ்லாம், ரெண்டையும் கண்ட ஒடனே இத்தாவத் தூக்கித் தந்திரிக்கி. இது செல்லாது நானா. இத நம்பி வராம நின்டீங்கண்டா சொல்லாம நின்ட கணக்குத்தான். வேலையே போயிரும்."

"தெரியும்."

"தெரிஞ்சிக்கிட்டா போட்டீங்க?"

"என்ன சொல்லுதுண்டு பாக்கத்தான்."

அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "மெசினுக்கிட்ட கேட்டீங்க. எங்கக்கிட்ட ஏன் நானா கேக்கல்ல?"

அவன் போனைச் சட்டைப் பையில் போட்டான்.

மேசை லாச்சியைத் திறந்து ஒரு படிவம் எடுத்தாள். "சம்பளமில்லாம ஏழு நாள். இதுதான் என்னால ஏலும். காரணம் எழுதணும்."

காரணத்துக்கு நாலு வரி விட்டிருந்தார்கள். மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தது. அவன் "மகள்" என்று மட்டும் எழுதினான். அவள் கையெழுத்து வைத்தாள்.

அடுத்த நாள் காலை, கற்பிட்டியில் மாமி வீட்டு மண்டபத்தில் கதிரையை விட்டுவிட்டு அவன் தரையில் உட்கார்ந்தான். திரைக்குக் கீழே இரண்டு சின்னப் பாதங்கள் தெரிந்தன. அவன் கூப்பிடவில்லை. பக்கத்தில் வைத்திருந்த போன் அதிர்ந்து, சீமெந்துத் தரையில் கொஞ்சம் நகர்ந்தது. "உங்கள் இத்தா விடுமுறை இன்று ஆரம்பம். மீதி 120."

கதவுத் திரை அசைந்தது. அடியிலிருந்து ஒரு கை மெல்ல நீண்டு, ஒளிர்ந்த போனைத் தேடியது. இன்னும் ஒரு சாண்தான்.

சுஹைர் போனைத் தன் பக்கமாகக் கொஞ்சம் இழுத்து வைத்தான். இனி அதை எட்ட அவள் வெளியே வர வேண்டும்.